வெள்ளம் வடிஞ்சாச்சு... மனநல சேவை எப்போது கரையேறும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய மழை சுமார் 95 செ.மீ. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களின் பல ஊர்களில் கரன்ட் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. மனநல உதவிக்கு எந்நேரமும் அழைக்கலாம் என மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. நல்ல திட்டம்தான். ஆனால் டவரே செயலிழந்த ஊரில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

பேரிடரில் மனநல சேவைக்கு என்ன ஆகிறது?

ஒரே நேரத்தில் இரண்டு அடி. தேவை கூடுகிறது, சேவை சுருங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை மூழ்குகிறது. மருந்து வண்டி வராது. சிகிச்சை தர வேண்டிய டாக்டர், நர்ஸ் வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான்.

முதலில் சிக்குவது யார்?

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள். மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற பாதிப்புகளுக்கு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். முகாமில் பிபி, சுகர் மாத்திரையை யாரும் தயங்காமல் கேட்பார்கள். "எனக்கு மனநல மாத்திரை வேணும்" என்று நாலு பேர் முன்னால் கேட்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அப்போ எல்லோருக்கும் கவுன்சலிங் வேண்டுமா?

தேவையில்லை. பயம், தூக்கமின்மை, அழுகை எல்லாம் இயல்பானவை. பாதுகாப்பான இடம், சாப்பாடு, குடும்பத்தைப் பற்றிய தகவல் கிடைத்தால் பெரும்பாலானோர் மெல்ல மீண்டுவிடுவார்கள். சிலருக்கு மட்டும் பாதிப்பு மாதக்கணக்கில் நீளும். சிக்கலே அங்குதான். அந்த நேரத்தில் கவுன்சலிங் குழுக்கள் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கும், கேமராக்களும்தான்.

இதை மாற்றிக்காட்டியவர்கள் உண்டா?

உண்டு. பக்கத்திலேயே, இலங்கை. 2004 சுனாமிக்கு முன்பு அங்கே மனநல சிகிச்சை பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே இருந்தது. சுனாமியால் கிடைத்த கவனத்தையும் நிதியையும் முகாம்களோடு முடித்துவிடாமல், 2005-ல் தேசிய மனநலக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலக் கட்டமைப்பு, 2011-க்குள் 20 மாவட்டங்களுக்கு விரிந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை.

நாம் கேட்க வேண்டியது என்ன?

பெரிய பட்ஜெட் கனவு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் மூன்று வேலைகள் போதும். ஒன்று, நிவாரண முகாம் மருந்துப் பட்டியலில் மனநல மருந்துகளையும் சேர்ப்பது. இரண்டு, தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகச் சில வாரங்களுக்கான மாத்திரையை முன்கூட்டியே தருவது. மூன்று, வெள்ளம் வடிந்த பிறகு ஓராண்டாவது மாவட்ட மனநலக் குழு அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போவது.

மோட்டார் பம்பும் படகும் மழைக்கு முன்பே தயாராகின்றன. மாத்திரைக்கும் அதே அவசரம் வேண்டும்.