தலையாட்டும் பம்பும் கிணறு மூடும் செலவும்



டெக்சாஸ் பக்கம் இருப்பவர்கள் சாலையோரத்தில் தலையாட்டிக்கொண்டே இருக்கும் இரும்புப் பொறியைப் பார்த்திருப்பீர்கள். 'பம்ப் ஜாக்' என்பார்கள். உண்மையான பம்பு பல நூறு மீட்டர் கீழே, கிணற்றுக்குள் இருக்கிறது.

ஏன் என்று என் பழைய மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். (ஒன்பதாம் வகுப்பு, காற்றழுத்தம்!) மேலிருந்து உறிஞ்சினால் தண்ணீர் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏறாது. அதனால் நம் தெருவில் இருந்த இந்தியா மார்க் 2 அடிபம்பின் அதே ஏற்பாடுதான் அங்கும். கீழே ஒரு உருளை, இரண்டு வால்வு, மேலேயிருந்து நீளக் கம்பி. கம்பி ஏறும்போது மேல் வால்வு மூடிக்கொண்டு எண்ணெயைத் தூக்கும். அடி வால்வு திறந்து உருளை நிரம்பும். இறங்கும்போது இரண்டும் மாறிக்கொள்ளும். கைக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான்.

புதுக் கிணற்றில் பூமியின் அழுத்தமே பெரும்பாலும் எண்ணெயை மேலே தள்ளிவிடும். அது தளர்ந்தபின்தான் பம்பு. வயதாக ஆக எண்ணெய் குறைந்து உப்புத்தண்ணீர் கூடும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பத்து பீப்பாய் தண்ணீர் வருவதும் உண்டு.

அமெரிக்காவில் நாளுக்கு 15 பீப்பாய்கூடத் தராத கிணறுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சொட்டுச் சொட்டாக எடுப்பது சிக்கனம்தானே என்பார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் பம்பு ஆடும்வரை கிணற்றை சிமெண்ட் வைத்து மூட வேண்டியதில்லை. அந்தச் செலவைத் தள்ளிப்போடத்தான் பல பம்புகள் ஆடுகின்றன என்பது என் எண்ணம். பெரிய நிறுவனம் நன்றாகச் சம்பாதித்துவிட்டுச் சிறியவரிடம் விற்கும். அவர் நொடித்துப்போனால் கிணறு அநாதை. மீத்தேன் கசியும், நிலத்தடி நீர் கெடும்.

ஒரு கிணற்றை மூடவே பல்லாயிரம் டாலர் ஆகும். மத்திய அரசு நிலத்திலோ, பல கிணறுகள் உள்ள ஒரு குத்தகை முழுவதற்கும் 1960 முதல் குறைந்தபட்ச ஈட்டுத்தொகை 10,000 டாலர்தான்! 2024இல்தான் 1,50,000 ஆக்கினார்கள். அதற்குள் அநாதைக் கிணறுகளை மூட 2021இல் மக்கள் வரிப்பணம் 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

தொகையை உயர்த்தினால் சிறு முதலாளிகள் தாங்க மாட்டார்கள் என்கிறார்கள். சரி, அவர்களிடம் ஏன் கேட்க வேண்டும்? எண்ணெய் தானே பொங்கி வரும் முதல் வருடங்களில், முதல் உரிமையாளரிடமே கிணற்றுக்கு இவ்வளவு என்று வாங்கி வைக்கலாமே.

அந்தத் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இங்கே இருக்கிறீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.