பெயரும் நிறுவையும்

தொழில் செய்வோர் எவர்க்கும் இருவகை ஊதியம் உண்டு. ஒன்று கையில் வாங்குவது. மற்றொன்று ஊரார் வாயில் இருப்பது. பின்னதையே நாம் 'பெயர்' என்கிறோம். வைத்தியராயினும், தச்சராயினும், ஆசிரியராயினும் அவர் பெயர், பல ஆண்டு உழைப்பின் பின்னர், அவ்வுழைப்பினாற் பயன் பெற்றோர் சொல்லச் சொல்லப் பரவி வந்தது. இற்றை நாளிலோ அப்பெயரை இணையத்திலே எண்ணிக் கணக்கிடும் வழக்கம் வந்துவிட்டது. விருப்பக்குறி இட்டோர் எத்தனை பேர், பின்தொடர்வோர் எத்தனை பேர், பகிர்ந்தோர் எத்தனை பேர் என்று கூட்டிப் பார்த்து, 'இவரே இத்துறையிற் பெரியவர்' எனத் தீர்ப்புச் சொல்கின்றனர். தனிவகுப்புக்கு ஆசிரியரைத் தேடும் பெற்றோரும், விழாவுக்குப் பேச்சாளரைத் தேடும் சங்கத்தாரும் இவ்வெண்ணை நோக்கத் தொடங்கிவிட்டனர். ஆதலின் இது வெறும் பொழுதுபோக்கு அன்று. பிறர் பிழைப்பைத் தொடும் செய்தியாகும்.

இக்கணக்கையே ஒரு வணிகமாக நடத்திய நிறுவனமும் இருந்தது. ஜோ பெர்னாண்டஸ் என்பவர் அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய 'க்ளவுட்' என்பதே அது. சமூக வலைத்தளங்களில் ஒருவர் எழுதுவதற்குப் பிறர் எவ்வளவு செவிசாய்க்கின்றனர் என்று கணித்து, 1 முதல் 100 வரை ஒரு புள்ளியை அது வழங்கிற்று. 2011இல், கனடாவின் ரொறன்ரோ நகரிலே, பதினைந்தாண்டு அனுபவமுடைய விளம்பரத்துறையாளர் ஒருவர் உயர்பதவி ஒன்றிற்கான நேர்காணலுக்குச் சென்றார். அவர் புள்ளி 34 எனக் கண்டபின், அப்பதவி 67 புள்ளி உடைய வேறொருவர்க்குப் போயிற்று. பின்னர் அவர் விடாது முயன்று தம் புள்ளியை 72 ஆக உயர்த்தினார் என்பர். அதனால் அவர் அறிவு இருமடங்காயிற்றோ? மனிதர் அவரே, அனுபவமும் அதுவே. இணையத்தில் இடையறாது இயங்கும் வித்தை ஒன்றே புதிதாகக் கைவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனம் கணக்கிடும் முறையை மாற்றியபோது, ஒரு குற்றமும் செய்யாத பலருடைய புள்ளிகள் சரிந்தன. 2014இல் அந்நிறுவனம் கைமாறிற்று. 2018 மே 25ஆந் திகதி சேவையே நின்றுபோயிற்று. பலர் ஆண்டுக்கணக்காய்ச் சேர்த்த 'மதிப்பு' ஒரே நாளில் எங்கே போயிற்று?

எண்ணால் மனிதரை அளப்பதன் இயல்பை மலையகத்தார்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. எங்கள் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கே நாட்கூலிக் கணக்கு என்ற பொருள் உண்டு. குறித்த கிலோ கொழுந்து பறித்தவர்க்கு முழுப்பேர், குறைந்தவர்க்கு அரைப்பேர். காய்ச்சலோடு மலையேறிய தாயும் தராசின்முன் வெறும் கிலோக் கணக்கே. தராசு பொய் சொல்லாது என்றே கொள்வோம். ஆயினும் அது பாரத்தை மட்டுமே சொல்லும். முற்றிய இலையும் நிறை காட்டும்; மழை நீரும் நிறை காட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து பறித்த விரலின் நிதானத்தை நிறுக்க அதனால் இயலாது.

அத்தேயிலை கொழும்பை அடைந்தபின் நிகழ்வதை நோக்குக. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020இல் கொள்ளைநோய்க் காலத்திலே இணையத்துக்கு மாறிற்று. ஏலம் இணையத்துக்குப் போயிற்றேயன்றி, மாதிரியின்மேல் வெந்நீர் ஊற்றி, நிறம் பார்த்து, நாவிலிட்டுச் சுவைப்பவர் போய்விடவில்லை. நிறுப்பதற்குத் தராசு, மதிப்பதற்கு நா. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்கலாகாது. இணையப் புகழின் குறை இதுவே: அங்கே நிறுவை உண்டு; சுவைப்பார் அரியர். தோட்டத்திலாவது ஈரத்துக்கென்று கழிப்பர். இணையத்தில் அதுவும் அரிது. அமெரிக்காவில் 'டெவுமி' என்னும் நிறுவனம் போலிப் பின்தொடர்வோரை விலைக்கு விற்று வந்தது 2018இல் அம்பலமாயிற்று. அடுத்த ஆண்டு அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது.

இவ்வளவு கூறியதனால் இணையத்தை விலக்குக என்பது என் கருத்தன்று. நல்ல நூலகம் அருகில் இல்லாத மலைச்சரிவிலே வாழும் எமக்கு அது பெரும் வாயில். கொட்டகலையிலிருந்து எழுதிய சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையிற் பணியாற்றியவர். 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூலை 1988இலும், 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்னும் நூலை 1993இலும் தந்தார்; 2014இல் மறைந்தார். விருப்பக்குறிகளை எண்ணி அவர் எழுதவில்லை. ஆயினும் மலையகத்தை ஆராயப் புகுவோர் இன்றும் அவரிடமே செல்கின்றனர். ஈழத்துத் தமிழ் ஆக்கங்களைத் திரட்டிக் காக்கும் 'நூலகம்' என்னும் மின்னூலகமும் 2005 முதல் இவ்வாறே அமைதியாகப் பணி செய்து வருகின்றது. இணையம் புகழை உண்டாக்குவதன்று. உழைப்பைச் சேர்த்துவைத்து, தேடி வருவோர் கையிற் கொடுப்பதே அதன் சிறந்த பயன்.

திருக்குறளில் இல்லறவியலின் இறுதி அதிகாரம் புகழ். அதற்கு முன் நிற்பது ஈகை. இவ்வைப்பிலே ஒரு பொருள் உண்டென மாணவர்க்கு நான் சொல்வது வழக்கம். கொடுத்தபின் வருவதே புகழ். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளம் ஆசிரியர் இதனை இணையத்திலும் கைக்கொள்ளலாம். புணர்ச்சி விதியையோ வேற்றுமையையோ எளிதாக விளக்கி எழுதுக. முன்பின் அறியாத மாணவன் கேட்ட ஐயத்துக்கு விடை தருக. பிறர் கூற்றிற் பிழை கண்டால் சான்று காட்டிப் பணிவோடு திருத்துக. பிறர் ஆக்கத்தை எடுத்தாளும்போது அவர் பெயரை மறவாது குறிக்க. இவை யாவும் ஈகையே. இவற்றால் வரும் பெயர் தளம் மூடப்பட்டாலும் மறையாது.

ஆசிரியரைத் தேர்வோர்க்கும் ஒரு சொல். பின்தொடர்வோரை எண்ணுமுன் அவர் எழுதிய ஒரு பாடத்தைப் படித்துப் பாருங்கள். அவரிடம் கற்ற ஒரு மாணவரை வினவுங்கள். தொலைபேசி அலை எட்டாத தோட்டப் பாடசாலை ஒன்றிலே, முதலாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கும் ஆசிரியையின் பணி எந்தத் தளத்தின் எண்ணிலும் ஏறாது. நிறுவையில் ஏறவில்லை என்பதற்காக அவருக்கு அரைப்பேர் எழுதிவிடாதீர்கள்.