பெட்டி கட்டும் முன்னால்...

திருச்சி விமான நிலையத்தின் வாசலில் வழியனுப்ப வரும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை.

பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர், கரூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வேன்கள் வருகின்றன. வேனிலிருந்து பத்துப் பேர் இறங்குகிறார்கள். விமானம் ஏறுகிறவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வந்தவர்கள்.

ஸ்ரீரங்கத்து வீதிகளிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்குகிறவர்களும் உண்டு. பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. அல்லது மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் குடித்தனம்.

ஒருவர் துபாயில் கம்பி கட்டப் போகிறார். இன்னொருவர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார். வேலை வேறு, சம்பளம் வேறு. ஆனால் இருவருக்கும் ஒரே கவலை: "பெட்டி எடை எவ்வளவு வருமோ?"

இது வீட்டிலேயே தீர வேண்டிய கவலை. விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பணமும் போகும், சாமானும் போகும். சில சமயம் பிரயாணமே போய்விடும்!

கப்பல் காலம் வேறு

நம் தாத்தாக்கள் கப்பலில் போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயிற்று. 1973 வரை அது ஓடியது. தகரப் பெட்டி, படுக்கை மூட்டை, கூஜா, ஊறுகாய் ஜாடி எல்லாம் கூடவே போயின. கப்பலுக்கு அது ஒரு சுமையே அல்ல.

ஆகாய விமானம் அப்படி அல்ல. ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவாகிறது. மொத்த எடையைக் கணக்குப் பார்த்து, முன்னும் பின்னும் சரியாகப் பிரித்து ஏற்றிய பிறகுதான் விமானம் கிளம்புகிறது. ஆகவே கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கோபித்துப் பயன் இல்லை. தராசு காட்டுவதைத்தான் அவர் சொல்கிறார்.

மூன்று எண்கள்

ஒவ்வொரு குடும்பமும் மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் எண் 7. கையில் எடுத்துச் செல்லும் பைக்குப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிக்கும் எடை 7 கிலோ.

இரண்டாவது எண் டிக்கெட்டில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ வரை அனுமதி உண்டு. அமெரிக்கா போகிறவர்களுக்குப் பல கம்பெனிகள் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் தருகின்றன. ஆனால் மலிவு டிக்கெட்டுகள் சிலவற்றில் பெட்டிக்கு அனுமதியே இல்லை! கைப்பை மட்டும்தான். பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். "டிக்கெட் சல்லிசாகக் கிடைத்தது" என்று மகிழ்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால், டிக்கெட் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டு, ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எண் 32. எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரே பெட்டியின் எடை 32 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஏன்? அதைத் தூக்கி விமானத்தில் ஏற்றுகிறவரும் ஒரு தொழிலாளிதான். அவர் முதுகு ஒடியக்கூடாது அல்லவா? எடை அதிகம் இருந்தால் இரண்டு பெட்டியாகப் பிரித்துக் கட்டுங்கள்.

வீட்டில் தராசு இல்லையா? ஆள் எடை பார்க்கும் மிஷின் போதும். முதலில் வெறும் கையோடு ஏறி நில்லுங்கள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பெட்டியின் எடை. அனுமதித்த எடைக்கு ஒரு கிலோ குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடை கூடத்தான் வேண்டும் என்றால், அதற்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் கவுண்டரில் கட்டும் கட்டணம் பொதுவாக அதைவிட அதிகம். பத்துக் கிலோ அரிசிக்காக ஒரு தொழிலாளி பல நாள் கூலியைக் கட்டுவது நியாயமா?

அம்மாவின் பொடியும் கடை அரிசியும்

அன்புக்கு அளவு இல்லை. பெட்டிக்கு அளவு உண்டு. அம்மா கையில் கிடைத்ததை எல்லாம் வைத்துக் கட்டுகிறார். அரிசி, பருப்பு, புளி, எண்ணெய், முறுக்கு, ஊறுகாய்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும், துபாயின் கராமாவிலும் நம் ஊர் மளிகைச் சாமான் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் அம்மா இடித்த பருப்புப் பொடி எந்த ஊரிலும் கிடைக்காது. ஆகவே கடையில் கிடைப்பதை விட்டுவிடுங்கள். கடையில் கிடைக்காததை மட்டும் வையுங்கள். மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் போகட்டும், எடையும் குறைவு.

பெட்டியிலும் கவனம் வேண்டும். பெரிய சூட்கேஸ் காலியாக இருக்கும்போதே நான்கு, ஐந்து கிலோ இருக்கும். அட்டைப் பெட்டி எடை குறைவுதான். ஆனால் உருண்டையான மூட்டையும், ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பையும் இயந்திரத்தில் சிக்கிக்கொள்வதாகச் சொல்லி, துபாய் விமான நிலையம் 2017-லேயே அவற்றுக்குத் தடை போட்டுவிட்டது. ஜெட்டா விமான நிலையம் கயிறு கட்டிய பெட்டி கூடாது என்று அறிவித்திருக்கிறது. ஆகவே சதுரமான பெட்டியாகப் பார்த்து, கயிறுக்குப் பதில் அகலமான டேப் ஒட்டுங்கள். பெயரும் டெலிபோன் எண்ணும் வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு இருக்கட்டும்.

ஆகாத சாமான்கள்

சமையலறையில் சாதாரணமாக இருப்பது, எல்லை தாண்டினால் குற்றம் ஆகலாம்.

கசகசா நமக்குக் குருமாவில் அரைக்கும் பொருள். ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். ஒரு சிட்டிகைகூட வேண்டாம். மசாலாப் பொட்டலம் என்றால், அதில் கசகசா கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெற்றிலையும் பாக்கும் நமக்கு மங்கலப் பொருள். துபாய்க்கு அவை ஆகாது. வாயில் மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்கு ஆகாது.

முழுக் கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்கக்கூடாது என்று நம் நாட்டு விமானப் பாதுகாப்புத் துறை 2022-ல் தடை செய்தது. எண்ணெய்ப் பசை உள்ள கொப்பரை தீப்பற்றக்கூடியது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க்கைப் பெட்டியில் வைக்கக்கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். மிளகாய் ஊறுகாய் இதற்கு நேர்மாறு. கைப்பையில் கூடாது, பெட்டியில்தான் போக வேண்டும். நெய்யும் எண்ணெயும் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள்.

மருந்து மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, சில இருமல் மருந்துகள் ஆகியவற்றுக்கு வளைகுடா நாடுகளில் முன் அனுமதி வேண்டும்.

அடுத்தவர் பார்சல்

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நம் சாமான் அல்ல, அடுத்தவர் சாமான்!

"தம்பி, நீ போகிற ஊரில்தான் என் மச்சான் இருக்கிறான். இந்தச் சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிடு" என்று யாராவது கேட்பார்கள். முகத்தாட்சண்யத்துக்காக வாங்கிக்கொள்கிறோம்.

2019-ல் நடந்ததைக் கேளுங்கள். மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி கத்தார் நாட்டுக்குப் போனார்கள். உறவினர் ஒருவர் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். தோஹா விமான நிலையத்தில் அதைப் பிரித்தபோது, உள்ளே ஹஷீஷ் என்ற போதைப்பொருள் இருந்தது. இருவருக்கும் பத்து ஆண்டுச் சிறை! சிறையிலேயே அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது நிரூபணமாகி, விடுதலை பெற்று ஊர் திரும்ப 2021 ஆகிவிட்டது. கொடுத்தவர் அயலார் அல்ல, உறவினர்!

சிங்கப்பூரில் சட்டம் இன்னும் கடுமை. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 15 கிராம் என்பது மூன்று, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் போதாது. தெரியாது என்பதை நாமே நிரூபிக்க வேண்டும்.

ஆகவே ஒட்டிய பார்சலை யாரிடமும் வாங்காதீர்கள். கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், கண் முன்னால் பிரித்துப் பார்த்து, நீங்களே கட்டுங்கள். பிரிக்கச் சம்மதிக்காதவர் உறவுக்காரரும் அல்ல, நண்பரும் அல்ல.

எடை இல்லாத செல்வம்

மிக முக்கியமான சாமானுக்கு எடையே இல்லை. அது காகிதம்!

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், படிப்புச் சான்றிதழ் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் நகலும் வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ இருக்க வேண்டும். நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது வரித் தொல்லை இராது. இரண்டு நாளுக்கான உடையும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஏன்? பெட்டி வராமல் போகலாம். வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்திருந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள், எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும் என்பது சர்வதேச விதி. நாள் தவறினால் உரிமை தவறிவிடும்.

பொறுப்பு ஏழைக்கு மட்டுமா?

இவ்வளவும் பிரயாணி செய்ய வேண்டியவை. கம்பெனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் பொறுப்பு இல்லையா?

திருச்சியில் 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்த புதிய விமான முனையம் அழகாக இருக்கிறது. கோபுரமும் கோலமும் நம் ஊரை நினைவூட்டுகின்றன. அழகு மட்டும் போதாது. டிக்கெட் இங்கிலீஷில் வருகிறது. அதை வாங்குகிறவருக்கோ தமிழ்தான் தெரியும். எத்தனை கிலோ அனுமதி, எந்தப் பொருள் கூடாது என்பதை டிக்கெட்டோடு தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதில் கம்பெனிகளுக்கு என்ன நஷ்டம்? நாட்டு வாரியாகத் தடைப் பொருள்களின் பட்டியலை ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டலாமே! ஆள் அனுப்பிப் பணம் வாங்கும் ஏஜெண்டுகள், பெட்டி கட்டும் முறையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி போடலாமே!

கடன் வாங்கி, நகையை அடகு வைத்து ஒரு பிள்ளையை அனுப்புகிறோம். ஒரு பொட்டலக் கசகசாவும், ஊர் பேர் தெரியாத ஒரு பார்சலும் அந்தக் குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்துவிடக்கூடாது.

ஊறுகாய் அடுத்த வருஷம் போகலாம். பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். பெட்டியை இன்றைக்கே எடை போடுங்கள்!