அடுப்பு மூட்டாத உபசாரம்

விருந்தாளி வந்துவிட்டால் அடுப்பு எரிந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? எத்தனையோ பெரியவர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவராவது இன்ன சுவடி, இன்ன சுலோகம் என்று சொன்னதில்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு, "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்" என்று இரண்டு பேர் வந்து உட்காருகிறார்கள். அடுத்த நிமிஷம் வீட்டு அம்மாள் உள்ளே மறைந்துவிடுகிறாள். வாணலி ஏறுகிறது, எண்ணெய் காய்கிறது. கூடத்தில் நாங்கள் உலக விவகாரங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து வைக்கிறோம். பஜ்ஜி வருகிறது, "சூடாக இன்னும் இரண்டு" வருகிறது, காபி வருகிறது. கொண்டு வருகிற கைதான் தெரிகிறது, ஆள் உட்காருவதில்லை. கடைசியில் அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். "உன்னோடு பேசவே முடியவில்லையே!" என்கிறாள், இவளைப் பார்ப்பதற்கென்றே இரண்டு பஸ் மாறி வந்த பள்ளித் தோழி.

எங்கள் கதைத் தொழிலுக்கு இது ஒரு பெரிய சௌகரியம். கதாநாயகியைக் கொஞ்ச நேரம் அப்புறப்படுத்த வேண்டுமா? "காபி கொண்டுவர உள்ளே போனாள்" என்று ஒரு வரி போதும். எந்த வாசகரும் ஏன் என்று கேட்கமாட்டார். அவ்வளவு இயற்கையாகிப் போன அநியாயம் அது.

அடுப்பில்லாமல் என்னத்தைக் கொடுப்பது என்கிறவர்கள் ராம நவமியை நினைத்துப் பார்க்கட்டும். அவதாரத் திருநாளுக்கே நாம் வைக்கிற நிவேதனம் என்ன? பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தால் பானகம். பாசிப்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து வடித்து, தேங்காய்த் துருவலும் மாங்காயும் வெள்ளரிக்காயும் சேர்த்தால் வடைப்பருப்பு. உப்பை மட்டும் பரிமாறும்போது போடவேண்டும். முன்னாலேயே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுக்கொண்டு கிண்ணம் குளமாகிவிடும். கடுகு தாளித்தால் ருசி கூடும்தான். தாளிக்காவிட்டால் ராமர் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

அவல் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியது. நம் வீட்டுக்கு வருமுன்பே நெருப்பைப் பார்த்துவிட்டது. மெல்லிய அவலை நனைத்து எடுத்தால் போதும், கெட்டி அவலுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். தயிரும் உப்பும் போட்டுப் பிசையலாம். வெல்லமும் தேங்காயும் போட்டால் குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்னும். குசேலர் கந்தலில் முடிந்துகொண்டு துவாரகைக்குப் போனது இந்த அவலைத்தான். கண்ணன் ஒரு பிடி தின்றுவிட்டு இரண்டாவது பிடியை எடுத்தபோது ருக்மிணி கையைப் பிடித்துத் தடுத்தாள் என்பது கதை. அவள் சமையற்கட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கையைப் பிடித்திருப்பாள்?

இதெல்லாம் தெரியாதவர்களா நம் பெண்கள்? தெரியும். பயம் வேறு. "பச்சையாய் எதையோ பிசைந்து கொடுத்து அனுப்பிவிட்டாள்" என்று நாளைக்கு ஊர் பேசும். வியர்க்க வியர்க்க நின்று செய்தால்தான் மரியாதை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். "ஒன்றும் வேண்டாம், ஒரு வாய் காபி போதும்" என்று பெருந்தன்மை காட்டுகிற மனிதரும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்தான். காபி தனியாக வந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும்!

இப்போதுதான் கைப்பேசியில் சொன்னால் போண்டா வாசலுக்கே வந்துவிடுகிறதே என்பார்கள். வருகிறது, ஆறிப்போய். அதைத் தட்டில் மாற்றுவதும், சட்னிப் பொட்டலத்தைப் பிரிப்பதும், பிறகு டிகாஷன் இறக்குவதும் யார்? மறுபடியும் அவள்தான்.

பஜ்ஜிக்கு நான் விரோதி அல்ல. மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில் வெங்காய பஜ்ஜி இல்லாமல் முடியாது என்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தாராளமாக எழுந்து உள்ளே போய் மாவைக் கரையுங்கள் ஐயா. வந்தவர்களோடு அவள் பேசிக்கொண்டிருப்பாள்.