ராத்திரி செய்த கேம் யாருக்குச் சொந்தம்?

பகலில் கம்பெனிக்கு கேம் செய்பவர், ராத்திரி வீட்டில் சொந்த கம்ப்யூட்டரில் ஒரு குட்டி கேம் செய்கிறார். அது அவருடையதுதானே? அவ்வளவு சுலபமில்லை.

கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2870-வது பிரிவு, சொந்த நேரத்தில் சொந்தக் கருவிகளால் உருவாக்கிய கண்டுபிடிப்பை ஒப்பந்தம் போட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையது என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கேம் கம்பெனி ஊழியர் செய்த கேம் வேறு எதோடு தொடர்புடையதாம்? கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் செய்தால் தப்பிக்கலாம். ஆசைப்பட்டதைச் செய்தால் சிக்கல்!

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013) லூகாஸ் போப், நாட்டி டாக் வேலையை விட்ட பிறகு செய்தது. எல்லோராலும் சம்பளத்தை விட முடியுமா? ஊழியரின் சொந்த கேம் ஊழியருக்கே என்று நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். சேருபவர்களும் கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டுடணும். அப்புறம் கேட்டால் ஹெச்.ஆர். சிரிப்பார்.