டீக்கடையில் நாய்க்கு இடம் உண்டு, எனக்கு இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு போட்டோ போட்டிருந்தேன். பூங்காவை ஒட்டி ஒரு காபிக் கடை. மேஜையில் மகள், மருமகன், பேத்தி, நான். மேஜைக்கு அடியில் அவர்கள் வளர்க்கும் நாட்டு நாய் மணி. அதைப் பார்த்துவிட்டு என் தம்பி போன் போட்டு, "ஏன்க்கா, நாய் உட்கார்ற இடத்துலயா போய் சாப்பிட்ட?" என்றான். ஆம்பூர் அண்ணி, "குடும்பம் போற இடமா அது?" என்று கேட்டார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் (பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும்), "டீச்சர், இந்தக் கலாசாரம் நம்ம சத்துவாச்சாரி பார்க் பக்கத்துலயும் வந்துடும், இப்பவே மனு கொடுக்கணும்" என்கிறான்.

கொடுப்போம். ஆனால் எதற்காக மனு என்று முதலில் பேசிவிடலாம்.

நாய் வரும் கடை நமக்குப் புதுசா? எந்த டீக்கடை வாசலில் நாய் இல்லை? காலையில் வாக்கிங் முடித்து வருகிற பெரியவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே பொறை வாங்கி ஆளுக்கு ஒன்றாகப் போடுகிறார்கள். பெஞ்சுக்குக் கீழே அது சுருண்டு படுத்திருக்கும், யாரும் விரட்டுவதில்லை. பெங்களூர்க்காரன் போர்டு எழுதி மாட்டியிருக்கிறான், நம் டீக்கடைக்காரர் மாட்டவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

புதுசு எது தெரியுமா? அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்ததுதான்.

36 வருஷம் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே டீக்கடை. ஒருநாள்கூட அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை. என்னோடு வேலை பார்த்த எந்த டீச்சரும் உட்கார்ந்ததில்லை. ஆண் ஆசிரியர்கள் இடைவேளையில் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார்கள். நாங்கள் பிளாஸ்க்கைக் கொடுத்து ஒரு பையனை அனுப்புவோம். (அப்படி அனுப்பப்பட்டவர்கள் இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கணக்குப் பாடத்தில் பாதியை அந்த பிளாஸ்க் தின்றிருக்கும்.) யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது.

இப்போதும் விடியற்காலையில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் போய்ப் பாருங்கள். ஷூ கம்பெனி வேனுக்காகப் பெண்கள் தோளில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார்கள். அதில் பலர் என் மாணவிகள். பின்னாலேயே டீக்கடை, பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். நிற்பார்களே தவிர உட்கார மாட்டார்கள். அதில் ஒருத்தியிடம், "வாடி, டீ குடிக்கலாம்" என்றேன். "ஐயோ டீச்சர், ஆம்பளைங்க பார்ப்பாங்க" என்றாள். நாள் முழுக்கத் தையல் மெஷினில் ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிறவள். சொந்தக் காசில் ஒரு டீயை உட்கார்ந்து குடிக்க அவளுக்குக் கூச்சம்.

2021-ல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதே வருஷம்தான் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருக்கிறது பாருங்கள். பஸ்ஸில் போகலாம், கடையில் வேலை செய்துகொண்டே உட்காரலாம். வேலை இல்லாமல் சும்மா உட்கார நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கோயில் மண்டபத்தை விட்டால் இடம் எது?

தம்பிக்கு ஒரு பழைய கதை. ஒரு காலத்தில் காபி ஓட்டல் வாசல்களில் போர்டு தொங்கும். பஞ்சமர், தொழுநோயாளி, நாய் என்று வரிசையாக எழுதி, இவர்களுக்கு அனுமதி இல்லை என்று போட்டிருப்பார்கள். ரயில் நிலைய சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். அது 1941-ல்தான் ஒழிந்தது. தனிக் குவளை அதற்கப்புறமும் எத்தனையோ டீக்கடைகளில் தொங்கியது. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களை, "நாத்தம் அடிக்குது, தள்ளி நில்லு" என்று சொன்னதை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் "சுத்தம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். நாயில் தொடங்குகிறவர்கள் நாயோடு நிறுத்துவதில்லை.

நாய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பயம் நியாயமானது. என் வகுப்புப் பையன் ஒருவன் கடிபட்டு, காயத்தில் மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டு வந்து நின்றான். குழாயடியில் உட்காரவைத்து சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்றைக்கும் அதுதான் முதல் வைத்தியம், அப்புறம் ஊசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய்விட்டது, யாரும் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெரு நாய் விஷயத்தில் ஒரு உத்தரவு போட்டு, பதினோரு நாளில் அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறியோ மூர்க்கமோ இல்லாத நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், சோறு போட வார்டுக்கு வார்டு தனி இடம் வேண்டும் என்றது. மனு கொடுப்பதென்றால் மாநகராட்சியிடம் அந்த இடம் எங்கே என்று கேளுங்கள்.

பெங்களூர் கப்பன் பூங்காவிலும் 2022-ல் வளர்ப்பு நாய்க்குத் தடை போடப் பார்த்தார்கள். ஜனங்கள் கேள்வி கேட்டதும் கைவிட்டார்கள். அங்கே கயிறு இல்லாமல் விடுகிறவர்களும், அசிங்கத்தை அள்ளாமல் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடித்து அபராதம் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் போன கடையையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு காபி 180 ரூபாய். நம் ஊர் ஷூ கம்பெனிப் பெண் அந்த வாசலை மிதிக்க மாட்டாள். இங்கே அப்படி ஒன்று வந்தால் அதற்கும் எதிராகத்தான் எழுதுவேன். பூங்கா வாசலில் ஆவின் பாலகம் மாதிரி ஒன்று போதும். நிழல், நாலு பெஞ்சு, குடிதண்ணீர், பெண்களுக்குப் பூட்டு போடாத கழிப்பறை. நாயோடு வருகிறவர் கயிறும் வருஷாந்திரத் தடுப்பூசிச் சீட்டும் கொண்டுவரட்டும். சமையல் பக்கம் எந்த மிருகமும் போகக் கூடாது. தம்பி, இப்படி ஒரு மனு எழுதிக் கொண்டு வா, முதல் கையெழுத்து என்னுடையது.

அது வருகிற வரைக்கும் நான் காத்திருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் பூங்கா எதிரில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். அண்ணி, ஆம்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்தால் ஏழரைக்குள் வந்துவிடலாம். பெண் பிள்ளைகள் வேன் வருகிற வரைக்கும் வந்து உட்காருங்கள். டீ என் கணக்கு. பொறையும் என் கணக்கு.