சந்தையில் கேள்வி குறைவது ஏன்?

“வெங்காயத்துக்குச் சந்தையில் கேள்வி இல்லை” என்று கமக்காரனிடம் கூறுவோர், அது ஏன் இல்லாமற் போயிற்று என்று கூறுவதில்லை. மழை பொய்த்தது போல் அதுவும் இயற்கையின் செயலாம்!

1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வலிகாமத்துச் செம்மண்ணிலும் வன்னியிலும் விளைந்தவை நல்ல விலைக்குத் தென்னிலங்கை சென்றன. 1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறந்தது. அதே விளைபொருளின் விலை வீழ்ந்தது. உண்பவரின் நாச்சுவையா மாறிற்று? வருவாயும் பழக்கமும் விளம்பரமும் கேள்வியை மாற்றும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்று அதனை மாற்றியது அரசின் பேனா. மலிவானதை வாங்கிய ஏழையைக் குறைகூறவும் மாட்டோம். கமக்காரனும் கடைக்குப் போகிறவனே.

2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், வர்த்தமானிக் கட்டளை ஒன்றினால் இறக்குமதி அறவீட்டை மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. நடும்போது ஓர் அறவீடு, கிண்டும்போது வேறோர் அறவீடு என்றால், எதனை நம்பி அவன் கடன்பட்டு விதைவெங்காயம் வாங்குவான்? நடுகைக்கு முன்னரே அறவீட்டை அறிவித்து, அறுவடை விற்றுத் தீரும்வரை அதனைக் குறையாது வைத்திருக்கும் கடப்பாடு சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும்.